கொலைகாரனை முன்கூட்டியே சொன்னவர்

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் நாங்கள் குடியேறிய புதிது. என் கணவர் காலையில் வேலைக்குப் போனால் இருட்டும்வரை எனக்குப் பேச்சுத்துணை சுவர்தான். அந்தத் தெருவில் என்னோடு நின்று நாலு வார்த்தை பேசியவர் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி மட்டுமே. வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் என் ஓட்டை ஆங்கிலம்.

அவருக்குத் துப்பறியும் கதை என்றால் உயிர். நகரத்தில் ஒரு சுவீடன் படம் ஓடுகிறது, நாவலாக வந்த கொலைக்கதை, சனிக்கிழமை பகல் காட்சிக்கு நீங்கள் இருவரும் வாருங்கள் என்று ஒருநாள் கூப்பிட்டார். முடிவு தெரிந்துவிடக் கூடாது என்று அந்த நாவலைத் தொடாமலே இருக்கிறாராம். அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் அழைப்பு அது. தலைகால் புரியவில்லை.

ஆனால் என் வீட்டுக்காரர், இவர் இருக்கிறாரே! எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறவர். யார் செய்தது என்று தெரியாமல் இவருக்குச் சோறு இறங்காது. படத்தின் பெயரைக் கேட்டதுமே நூலகத்துக்கு ஓடி, நாவலின் ஆங்கிலப் பதிப்பை எடுத்து வாசித்து முடித்துவிட்டார். ஊரில் என்றால் பரவாயில்லை. அங்கே பார்த்தவர்களிடம் முழுக்கதையையும் கேட்டுவிட்டுத்தான் நாங்கள் தியேட்டருக்கே போவோம்.

“இஞ்ச பாருங்கோ, உள்ளுக்க வாயைத் திறக்கக் கூடாது,” என்று ரயிலில் எச்சரித்தேன்.

“சும்மா இரும். நான் என்ன சின்னப்பிள்ளையோ?” என்றார்.

படம் முழுக்கப் பனி. எல்லோருக்கும் ஒரே மாதிரித் தடித்த கோட்டு, காதை மூடிய தொப்பி. செத்தவர் யார், தேடுகிறவர் யார் என்று எனக்குப் பிடிபடுவதற்குள் கீழே ஓடும் ஆங்கில எழுத்து மறைந்துவிடும். பெண்மணியோ கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு நடுங்கினார். அதைக் கண்டு இவருக்கு இரக்கம் பொங்கிவிட்டது. நடுவில் இருந்த எனக்குக் குறுக்கே சாய்ந்து, பயப்படாதீர்கள், கொலைகாரன் அந்த டொக்டர்தான் என்று ஆங்கிலத்தில் ரகசியம் சொன்னார். இவருடைய ரகசியம் மூன்று வரிசைக்குக் கேட்கும்.

பின்னால் யாரோ முனகினார்கள். பெண்மணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன்பிறகு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நான் இவருடைய தொடையைப் பிடித்துக் கிள்ளினேன்.

“ஏனப்பா கிள்ளுறீர்? மனுசி பயந்து நடுங்குது, பாவமெண்டு சொன்னனான்.”

“நாளைக்கு நான் ஆரோட கதைக்கிறது?” என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்த ஒரே ஆளையும் இவர் விரட்டிவிட்டாரே! திரையில் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் மனம் வரவில்லை.

திடீரென்று தியேட்டரில் ஒரே சத்தம். நிமிர்ந்து பார்த்தால், உறைந்த ஏரிக்கரையில் டொக்டரே கத்திக்குத்துப் பட்டுப் பிணமாகக் கிடக்கிறார். முன்வரிசைக்காரர் ஒருவர் மெதுவாகத் திரும்பி இவரைப் பார்த்து, சரி, அடுத்து யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். மூன்று வரிசையும் விழுந்து விழுந்து சிரித்தது. பெண்மணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

“புத்தகத்தில டொக்டர்தானப்பா! நான் பொய் சொல்லேல்லை!” என்று இவர் என்னிடம் முறையிட்டார்.

படமெடுத்தவர்கள் கொலைகாரனையே மாற்றிவிட்டார்கள். கடைசியில் பிடிபட்டது, அதுவரை எல்லோருக்கும் கோப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த பாதிரியாரின் மனைவி. டொக்டரையே முறைத்துக்கொண்டிருந்த எங்கள் பகுதியில் ஒருவர்கூட அந்த அம்மாவைச் சந்தேகிக்கவில்லை. தியேட்டரிலேயே அதிகம் துள்ளி விழுந்தவர்கள் நாங்கள்தான்.

திரும்பும் ரயிலில் இவர் நாவலின் கதையைச் சொல்லச் சொல்ல, பெண்மணி வாய் பிளந்து கேட்டார். வாசலில் பிரியும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் கணவரைக் கொன்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன், படமெடுத்தவர்கள் அவரைக் காப்பாற்றிவிட்டார்கள் என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அடுத்த மாதமும் போவோம், அவரையும் கூட்டி வாருங்கள் என்றார். ஆனால் கதிரையில் உட்காரும்வரை என்ன படம் என்று சொல்லமாட்டாராம்!

அப்படியே பல வருடங்கள் போய்வந்தோம். படத்தின் பெயர் தெரியாமல் ரயிலில் இவர் பட்ட பாடு தனிக்கதை. அன்று பாதிப் படத்திலேயே அந்த நட்பு முடிந்துவிட்டது என்று நானாகத் தீர்மானித்து அழுதேன். இன்றும் யாராவது என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டால், கடைசிவரை இருந்துதான் பார்ப்போமே என்று அசையாமல் உட்கார்ந்துவிடுகிறேன்.