எதிர்க்கரையில் ஒரு துண்டு

கூட்டத்தின் கடைசி வரிசை வரை குரல் எட்டவேண்டும் என்பது எங்கள் கல்லூரிச் சொற்போர்ச் சபையின் முதல் விதி. அதற்கு நான் தேர்ந்த பயிற்சிக்களம் தாமிரபரணி. மாலைதோறும் வண்ணார்பேட்டை அறையிலிருந்து புறப்பட்டுப் பாலத்தைக் கடந்து மேற்கே உள்ள மேல்கரைக்குப் போவேன். அங்கே மேடைபோல் உயர்ந்த ஒரு பாறை உண்டு. என் அறைத்தோழன் கீழ்கரையிலேயே நிற்பான். நான் முழங்கும் வாக்கியம் காதில் தெளிவாக விழுந்தால் தோளிலுள்ள துண்டை உயர்த்துவான், விழாவிட்டால் உயர்த்தமாட்டான். அவ்வளவு தூரத்தில் எனக்கு அந்தத் துண்டு மட்டுமே தெரியும். முதல் ஆண்டில் துண்டு எழுந்த நாள்கள் மிகச் சில.

"உனக்குக் காது மந்தம்லே" என்று அறைக்குத் திரும்பி ஏசுவேன்.

"காது நல்லாத்தான் இருக்கு. நீதான் கடைசிச் சொல்லை முழுங்குதே. அதைத் துப்பு" என்பான்.

இரண்டாம் ஆண்டின் இறுதியில் பரிசுச் சொற்போரில் வென்றேன். இக்குரலை எவரிடம் பயின்றாய் என்று சபைத்தலைவர் மேடையிலேயே வினவினார். "எவரிடமும் அன்று, நானே எனக்குத் தேடிக்கொண்டது" என்றேன். கரவொலி எழுந்தது. வாக்கியம் நன்றாக அமைந்ததென்று அப்போது மகிழ்ந்தேன். அவன் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தான். அந்த வாக்கியமும் அவனுக்குத் தெளிவாகவே கேட்டிருக்கும்.

மறுநாள் அவன் ஆற்றுக்கு வரவில்லை. காரணம் கேட்டேன்.

"இனி நான் எதுக்குலே? நீயே தேடிக்கிட்டதுதானே" என்று சிரித்தபடியே சொல்லிப் பாயை உதறி விரித்தான்.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். விட்டுக்கொடுத்துப் பழகாத நாக்கு எனது. அடுத்த மாதம் கொற்கைப் பக்கத்துப் பள்ளியொன்றில் அவனுக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது, போய்விட்டான்.

இருவருக்கென்று பிடித்த அறையில் ஒருவனாக இருப்பது எளிதன்று. அவன் பாய் கிடந்த இடத்தில் புத்தகங்களைப் பரப்பிப் பார்த்தேன், இடம் நிறையவில்லை. ஆற்றில் எவ்வளவு முழங்கினாலும், எட்டியதா என்று சொல்ல எதிரே ஆளில்லை. கடிதம் எழுத எடுத்த தாளில் "அன்புள்ள" என்பதற்கு மேல் கை ஓடவில்லை.

அந்நாள்களில்தான் சபையின் ஆண்டுவிழாவில் எனக்கு வந்தனோபசாரத்தை ஒதுக்கினார்கள். எல்லாரும் பேசி முடித்து, கூட்டம் செருப்பைத் தேடும் நேரத்தில் சொல்லப்படும் நன்றியுரை அது. எனக்கு அது அவமதிப்பு. சபைச் செயலாளன் வேறு சிரிக்காமல் சொன்னான்: "பெஞ்சு தூக்கிப் போட்டவனையும் விட்டுராதேயும் அண்ணாச்சி. அதெல்லாம் தானா வந்து நிக்கலைலா."

பெஞ்சுகளைத் தூக்கிப் போடுபவர் யாரென்று எனக்குத் தெரியாது. விசாரித்தேன். கல்லூரித் தோட்டக்காரர், ஒற்றை ஆளாக.

எந்த உரையையும் பயிலாமல் மேடையேறுவது என் வழக்கமன்று. ஆகவே மாலைதோறும் பாறைமேல் நின்று, அன்றைய நாளுக்கே ஒரு வந்தனோபசாரம் சொல்லிப் பழகினேன். முதல் சில நாள்கள் பொருளே கிடைக்கவில்லை. மாலையில் சொல்வதற்கு வேண்டுமே என்று காலையிலிருந்தே தேடத் தொடங்கினேன். தேடியதனால் சில கண்ணில் பட்டன. கடிதமில்லாத நாளில் நான் வாசலில் காத்து நிற்கக்கூடாதென்று, தெருமுனையிலிருந்தே தபால்காரர் கையை விரித்துக் காட்டிவிடுவார். சாப்பாட்டுக் கடை அம்மாள், தனியே உண்பவனுக்குச் சுவரோர இலையைப் போடாமல் ஜன்னலோர இலையைப் போடுவாள். இவை நெடுநாளாக நடந்து வந்தவை. தனிமை தீர்ந்ததென்று சொல்லமாட்டேன். ஆனால் அறைக்குத் திரும்பும் வழியில் கால்கள் முன்போல் கனக்கவில்லை.

ஒரு மாலை, என் அறைத்தோழனுக்கு நன்றி சொல்லும் முறை வந்தது. பாறையில் நின்று வாய் திறந்தேன். ஆளில்லாத கரையைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. மறுநாள் பாலத்தைக் கடக்காமல் கீழ்கரையில் அவன் நின்ற இடத்துக்கே போனேன். என் அறைக்குப் பின்புறக் கரைதான். இரண்டு ஆண்டுகளில் ஒரு மாலைகூட நான் அங்கே நின்றதில்லை.

நின்ற கணமே கண் கூசியது. இறங்கும் சூரியன் நேர் எதிரில். என் பாறை ஒரு கருநிழலாகத்தான் தெரிந்தது. வெளுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த முதியவர் என்னைப் பார்த்தார்.

"துண்டு தூக்குவாகளே, அவுக இங்கன நிக்க மாட்டாக சாமி" என்றார். "கரையில நின்னா பின்னால உள்ள மரத்து இருட்டுல துண்டு தெரியாதாம். தண்ணிக்குள்ள இறங்கி முழங்கால் அளவுல நிப்பாக. ஒரு கையால கண்ணை மறைச்சிக்கிட்டு, மத்தக் கையால தூக்குவாக. மார்கழியிலயும் அப்படித்தான்."

"என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லையே" என்றேன்.

"நீங்க கேட்டிருக்க மாட்டீக" என்று சொல்லி மூட்டையைக் கட்டினார்.

ஆண்டுவிழாவில் தோட்டக்காரருக்கு நன்றி சொன்னேன். செயலாளன் தலை குனிந்துகொண்டான். பிறகு, சென்ற ஆண்டு தலைவர் கேட்ட கேள்விக்குத் தவறான விடை சொன்னதாக அறிவித்து, சரியான விடையைச் சொன்னேன். கரவொலி இல்லை. பலர் எழுந்துவிட்டிருந்தார்கள். பழக்கத்தால் கடைசி வரிசையைப் பார்த்தேன். யாரோ ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிரவே "அன்புள்ள" என்று நின்றிருந்த தாளை எடுத்து முடித்தேன். மேடைச்சொல் ஒன்றும் சேர்க்கவில்லை: "கீழ்கரையில் வெயில் கண்ணில் அடிக்கிறது. இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டிருக்க வேண்டும்."

பதினைந்து நாள்கள் தபால்காரர் தெருமுனையிலேயே கையை விரித்தார். பதினாறாம் நாள் விரிக்காமல் நடந்து வந்தார். கார்டில் ஒரே வரி: "கண்ணு கூசத்தான் செய்யும்லே. ஆனா நீ பேசுனது கேட்டுச்சு."

வருவதாக எழுதவில்லை. அன்று மாலையும் பாறைக்குப் போனேன். தபால்காரருக்கு நன்றி சொன்னேன், கடைசிச் சொல்லை முழுங்காமல்.