ஏழாம் சாடிக் கச்சான்

சப்பட்டைக் கச்சானைக் கண்டால் என் கை சும்மா இராது. நிலக்கடலையை நாங்கள் கச்சான் என்போம்; முள்ளியவளையில் அதைப் போடும் வீட்டில் பிறந்தவள் நான். விதைக்கு வைக்கும் பருப்பில் சப்பட்டையாய்ச் சுருங்கினது ஒன்று கிடந்தாலும் அம்மா கண்டபடி ஏசுவார். ஏச்சு வாங்கி வாங்கி, பார்க்காமலே பொறுக்கி எறியப் பழகிவிட்டேன்.

அந்தக் கையோடுதான் கிளிநொச்சியில் ஆய்வுகூட வேலைக்குப் போனேன். உடைத்து வைத்த கச்சான் கொஞ்ச நாளில் காறல் அடிக்கும். அதனால் எங்கள் ஆட்கள் வந்த வியாபாரியிடம் கேட்ட விலைக்கு அவசரமாகத் தள்ளிவிடுவார்கள். காறலுக்குக் காரணம் அதன் எண்ணெய். நல்லாய் இருக்கிற எண்ணெயைக் கெடுகிற எண்ணெயாக மாற்றும்படி விதைக்குள் ஒரு மரபணு உத்தரவு போடுகிறது. அதன் வாயைப் பொத்திவிட்டால் எண்ணெய் கெடாமல் நிற்கும். சொல்ல இவ்வளவுதான். செய்ய எனக்கு நான்கு வருடம் போனது. முளைகள் அநேகமாகப் போத்தலுக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்துச் செத்தன. மண்ணுக்கு வந்து காய்த்தவை எட்டே எட்டுச் சாடிகள்.

மரபணு மாற்றிய பருப்பு ஒன்றுகூட வெளியே போகக்கூடாது, கழித்ததெல்லாம் எரிக்கவேண்டும் என்பது சட்டம். செடிகளைப் பார்த்துக்கொண்ட அக்கா ஒருமுறை பாதி கருகிய கோது ஒன்றை உலையில் விட்டுவிட்டார். எல்லோர் முன்னாலும் அவரை ஏசினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

செடிகளைப் பிடுங்கி, சாடிக்கு ஒரு பருப்பை அரைத்து எண்ணெய்ப் பரிசோதனைக்கு அனுப்பினோம். மிச்சத்தை இருவரும் சுளகில் போட்டு, சாடி சாடியாக உடைத்தோம். அக்கா தன் மகளின் கலியாணப் பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாம் சாடியில் ஒன்பது பருப்பு, ஒன்பதும் சப்பட்டை. மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்று கேட்டபடியே ஒன்பதையும் கழிவுப் பைக்குள் போட்டேன். கை செய்தது என்று சொல்லலாம். செய்தவள் நான்தான்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. மற்றச் சாடிகளில் எல்லாம் வழமையான எண்ணெய். ஏழாவதில் மட்டும் நான்கு வருடமாகத் தேடிய எண்ணெய்.

ஓடிப்போய்க் கேட்டேன். “அக்கா, அண்டைக்குக் கழிச்ச சப்பட்டை எங்க?”

“எரிச்சிட்டன் மிஸ்.”

“செடி?”

“அதுவுந்தான். ஏன் மிஸ், பிழையோ?”

“இல்லை அக்கா.”

யாரிடம் கோபிக்க? திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும் தெம்பு அன்று எனக்கு இல்லை. இன்றுவரை வரவும் இல்லை. அம்மா இந்த வருடமும் கச்சானை அவசரமாகத் தள்ளிவிட்டார்.

ஆனாலும் அன்று உலையடியில் குந்தியிருந்து சாம்பலை விரலால் கிளறினேன். அக்கா பின்னால் வந்து நின்றார்.

“வடிவாப் பாருங்கோ மிஸ்,” என்றார். “நீங்கள் ஏசின பிறகு நான் ஒண்டும் மிச்சம் விடுறேல்லை.”