வில்லனின் அமிலத் தொட்டி

மகனின் புது ஷூ பெட்டியைத் திறந்ததும் வந்த தோல் வாடையில் என் கால்விரல்கள் தாமாகச் சுருங்கிக்கொண்டன.

தொண்ணூறுகளில், ஆம்பூரில் எங்கள் தெருக்கோடியில் தோல் பதனிடும் ஷெட்டில் ஒரு சூப்பர்ஹீரோ படம் எடுத்தார்கள். வில்லனின் அமிலத் தொட்டியை ஹீரோ பறந்து தாண்டிய இடத்தைப் பார்க்க, நானும் தோஸ்த் சலீமும் போனோம். வெள்ளிக்கிழமை என்பதால் ஷெட்டுக்கு லீவு. தரை மட்டத்தில் தொட்டி; நிறையச் செங்காவித் தண்ணீர். படத்தில் அதில் விழுந்த அடியாள் எலும்பாகத்தான் மிதந்தான்.

விளிம்பில் நின்று ஹீரோ மாதிரி கையை நீட்டினேன். வழுக்கியது. இடுப்புவரை உள்ளே போய், விளிம்பைப் பிடித்துத் தொங்கினேன். காலில் ஏதோ வழவழவென்று உரசியது. என் தோல்தான் உரிந்து மிதக்கிறது என்று முடிவு கட்டினேன்.

“சலீம், கால் கரையுதுடா. அம்மாகிட்ட சொல்லிடு.”

“இன்னான்னு சொல்றது? ஆட்டுத்தோலு ஊறுற மரப்பட்டைத் தண்ணிடா இது. உங்கப்பா டெய்லி இதுலதான் எறங்குறாரு. கரைஞ்சா போய்ட்டாரு?”

“அப்ப அந்த எலும்பு?”

“பிளாஸ்டிக்கு. கைய குடு.”

வீட்டில் அப்பா தன் பழுப்பேறிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அதே நிறத்தில் வந்து நின்ற என் கால்களைப் பார்த்தார்.

“இன்னாடா, வெள்ளிக்கிழமைகூட ஓவர்டைமா?”

இப்போது மகன் ஷூவை நீட்டி, “தொட்டுப் பாருப்பா, எவ்ளோ சாஃப்ட்டு” என்றான். தொட்டேன், ஒரே ஒரு விரலால்.