கண்ணுக்குப் பின்னால் ஒரு துளை

அம்மா குரோம்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்றாள் என்பதை நான் பள்ளியில் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா மறைமலை நகரில் கார் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதை மட்டும் கேட்காதவர்களிடமும் சொல்லியிருந்தேன்.

ஆறாம் வகுப்பில், அறிவியல் கண்காட்சிக்கு ஆற்று டால்பினையும் கடல் தரையில் வாழும் சுறாவையும் ஒப்பிடும் தலைப்பு எனக்கு வந்தது. டால்பினைக் கரைத்துக் குடித்துவிட்டேன்: கங்கையின் கலங்கல் நீரில் வாழும், கண் சரியாகத் தெரியாது, ஒலி எழுப்பி வழி அறியும், குட்டிக்குப் பால் கொடுக்கும், மூச்சுவிட மேலே வரும். சுறாவுக்கு ஒரே வரி கிடைத்தது: ‘நீந்துவதை நிறுத்தினால் மூச்சடைத்து இறந்துவிடும்.’ அதைச் சார்ட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

கண்காட்சியன்று அம்மா சொல்லாமல் வந்துவிட்டாள். கையில் ஐஸ் போட்ட பை. உள்ளே முழங்கை நீளச் சுறா. விடியற்காலையில் காசிமேட்டு மீன் துறைமுகத்தில் எனக்காகத் தேடி எடுத்தது. தோழிகள் மூக்கைப் பொத்தினார்கள். நான் அவளைத் தெரியாதவள்போல் சார்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடுவராக வந்திருந்த கல்லூரிப் பேராசிரியர் சிவப்பு வரியைப் படித்தார். “நீந்தினாத்தான் மூச்சுன்னா, தரையிலயே கிடக்கற சுறா எப்படிம்மா உயிரோட இருக்கு?”

நான் சிவப்பு வரியை மறுபடி படித்தேன்.

“நான் சொல்லட்டா சார்?” என்ற அம்மா, சுறாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். “இது சும்மா படுத்துகினே கெடக்கும் சார். கண்ணுக்குப் பின்னாடி ஓட்டை கீது பாருங்க. அது வழியாதான் தண்ணிய இழுத்துக்கும். கூடையில கொட்டினப்புறம்கூட அந்த ஓட்டை மூடி மூடித் தொறக்கும். எத்தினியோ தபா பாத்துகீறேன்.”

பேராசிரியர் குனிந்து பார்த்தார். பேனாவை எடுத்துத் தன் தாளில் எழுதிக்கொண்டார். “நீங்க யாரும்மா?”

அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. “மார்க்கெட்ல மீன் விக்கறேன் சார்.”

“எங்க அம்மா சார்” என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. சிவப்பு வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன்: டால்பினுக்கு உச்சந்தலையில் துளை, காற்றுக்கு. இந்தச் சுறாவுக்குக் கண்ணுக்குப் பின்னால், தண்ணீருக்கு.

இரண்டாம் பரிசு கிடைத்தது.

அந்த வாரம் முழுக்க அம்மா, மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம், “காலேஜ் சாரே எழுதிக்கினாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் பரிசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. அவள் சொன்னதை ஒருவர் பேனா எடுத்து எழுதிக்கொண்டது அதுதான் முதல் முறை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.