திங்களும் வியாழனும்

எங்கள் பின்வளவில் இரண்டு அறைகள் இருக்கின்றன. பெரிய வீட்டை உம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த பிறகு உம்மாவின் பெற்றோரான மூத்தவாப்பாவும் மூத்தம்மாவும் அங்கே மாறிவிட்டார்கள். நான் கட்டட அளவையியல் படித்தவள். வீட்டில் இருந்தபடியே வரைபடங்களைப் பார்த்து, சீமெந்து எவ்வளவு, கம்பி எவ்வளவு என்று கணக்கெடுத்து அனுப்புவது என் வேலை. மூத்தவாப்பாவுக்கு இன்சுலின் ஊசி தொடங்கியபோது வேலையிடத்துப் பழக்கத்திலேயே ஒரு தாள் தயாரித்து அவர்களுடைய பிரிஜ்ஜில் ஒட்டினேன். காலை ஏழு மணி ஊசி. ஏழேகால் சாப்பாடு. பதினொன்றரைக்கு விரலில் குத்திச் சீனி பார்ப்பது. முதல் இரண்டுக்கும் மூத்தம்மா பேனையால் சரி போடுவார். மூன்றாவது என் பொறுப்பு.

கச்சான் காற்று வீசுகிற மாதங்கள் அவை. வயல் பக்கத்திலிருந்து வரும் அந்தக் காற்றில் காயப்போட்ட துணி கால்மணி நேரத்தில் முறுகிவிடும். வீடு கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் பயனில்லை. அந்த இரண்டு அறைகளுக்கும் இருந்தது ஒரே ஒரு மேசை விசிறி. அதை மூன்றாம் இலக்கத்தில் வைப்பதா ஒன்றில் வைப்பதா என்று நாள் முழுவதும் சண்டை நடக்கும்.

"இந்தக் காத்து காதுக்குள்ள போகுது," என்பார் மூத்தம்மா.

"போகட்டும். நான் சொல்றதுதான் போறல்ல, காத்தாவது போகட்டும்."

காலைப் பிட்டையும் பகல் சோற்றையும் மூத்தவாப்பா விறாந்தையில் தனியாக இருந்து சாப்பிடுவார். சரியாக அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டு ஆடு வந்து நிற்கும். "உங்களக் கண்டா ஆடும் ஓடி வருதே, என்னத்தக் காட்டி மயக்கினீங்க?" என்று மூத்தம்மா உள்ளே இருந்து கேட்பார். "அழகத்தான்," என்பார் அவர். காலையில் வெறுந்தட்டு உள்ளே வந்ததும் மூத்தம்மா சரி போடுவார்.

அந்த வருடம் றமழானில் மூத்தவாப்பா நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சிறுவயதிலிருந்து ஒரு நோன்பும் விடாத மனிதர். அதற்கு ஈடாக ஏழை வீடுகளுக்கு அரிசி கொடுத்தோம். அதையும் எழுதிச் சரி போட்டேன். அந்த விடயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பெருநாளுக்குப் பிறகு சில நாட்களில் அவருடைய சீனி நன்றாகக் குறையத் தொடங்கியது. தாளின் ஓரத்தில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். அவர் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

அந்த வியாழக்கிழமை உம்மா படிப்பிக்கப் பாடசாலைக்குப் போயிருந்தார். வாப்பா கடையில். எனக்கு ஒரு தொலைபேசிக் கூட்டம். முடியும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது. பதினொன்றரை தவறிவிட்டதே என்று எழுந்தபோதுதான் மூத்தம்மாவின் குரல் கேட்டது.

"மகள், ஓடி வா! இவர் ஒரு மாதிரிக் கதைக்கிறார்!"

மூத்தவாப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அந்த வெயிலில் எல்லோருக்கும் வேர்க்கும், அதனால் மூத்தம்மா முதலில் கவனிக்கவில்லை. கையைத் தொட்டேன். ஐஸ்கட்டி போல இருந்தது. என்னைப் பார்த்து, "ஆர் நீ? லாம்ப எடுத்து வை," என்றார். விரலில் குத்தினேன். கருவி முப்பத்தெட்டு என்று காட்டியது; எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு வரிசையாகத் தெரியும். சீனித்தண்ணீர், பதினைந்து நிமிடம், மறுபடி அளவு. இன்னும் குறைந்தால் வலிப்பு வரலாம். மயங்கிவிட்டால் வாயால் எதுவும் கொடுக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரமும் அவரிடம் இல்லை. மூன்று கரண்டி சீனியைக் கரைத்தேன். கரண்டி கோப்பையில் டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது.

கோப்பையை உதட்டில் வைத்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"நோன்பு," என்றார், பல்லைத் திறக்காமலே.

மூத்தம்மா என்னைப் பார்த்தார். "என்ன நோன்பு? காலையில நான்தானே பிட்டு தந்தன்!"

"ஆட்டுக்கு..."

ஊசியை மூத்தம்மாதான் போட்டிருந்தார். அவருடைய முகம் வெளுத்ததைக் கண்டேன். மறுகணம் அவர் கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். "வாயத் திறங்க! பாவமெண்டா என்ட கணக்கில எழுதட்டும். திறங்க!" மூத்தவாப்பா தலையை மறுபக்கம் திருப்பினார். நான் விரலில் சீனியைத் தொட்டுக் கன்னத்துக்குள் தடவப் பார்த்தேன். எழுபத்தாறு வயது மனிதர் என் கையைத் தட்டிய வேகத்தில் பாதித் தண்ணீர் என் மடியில் கொட்டியது. அவருடைய கண்கள் மேலே சொருகத் தொடங்கின.

அப்போது பள்ளிவாசலில் ளுஹர் என்கிற நடுப்பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

மூத்தம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. எட்டி ஜன்னலை அடித்துச் சாத்தினார். அறை இருண்டது. என் கையிலிருந்த கோப்பையைப் பறித்துக்கொண்டு, நோன்பு மாதத்தில் அந்திநேரம் கதைப்பது போலவே கதைத்தார்.

"பாங்கு சொல்றாங்க. மஃரிப் ஆயிட்டு. நோன்பு திறங்க."

மூத்தவாப்பா காது கொடுத்தார். அவருடைய உதடு அசைந்தது. "பிஸ்மில்லாஹ்," என்றார். வாய் திறந்தது. ஒரு மிடறு. இருமினார். இன்னொரு மிடறு. தொண்டை அசைகிறதா என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பிரிஜ்ஜில் இருந்த தாளைப் பார்த்தேன். குறைந்த அளவுகள் எல்லாம் திங்களிலும் வியாழனிலும், பலரும் சுன்னத்தான நோன்பு பிடிக்கிற நாட்களில். ஐந்து வாரமாக. என் கையெழுத்தில், ஒரே வரிசையில். எந்தப் பிள்ளையும் கண்டுபிடிக்கக்கூடிய ஒழுங்கு. பக்கத்தில் 'நல்ல முன்னேற்றம்'.

மறுபடி குத்தினேன். எழுபத்தொன்று. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூத்தம்மா தரையில் குந்திவிட்டார்.

"பள்ளியில கேட்டனான்," என்றார் மூத்தவாப்பா மெதுவாக. "ஊசி போட்டா நோன்பு முறியுமோ எண்டு. முறியாதெண்டுதான் சொன்னாங்க."

"ஊசியப் போட்டிட்டுச் சாப்பிடாட்டி என்னாகுமெண்டு கேட்டீங்களா?" என்றேன்.

"அத ஏன் மகள் பள்ளியில கேக்க?"

பிறகு அவர் ஜன்னலைப் பார்த்தார். பலகை இடுக்குகளில் வெயில் வெள்ளையாக எரிந்தது. அவருக்கு விளங்குவதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அது என்ன பாங்கு?"

"ளுஹர்," என்றார் மூத்தம்மா. "நான் பொய்தான் சொன்னன்."

மூத்தவாப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் காது வரைக்கும் இறங்கியது. மூத்தம்மா முந்தானையால் அதைத் துடைக்கப் போனார். அவர் தடுக்கவில்லை.

காலையில் போட்ட ஊசி பின்னேரம் வரை வேலை செய்யும். சீனி மறுபடி இறங்கும் என்று பயந்து இரண்டு பிஸ்கட் கொடுத்தேன், ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோவுக்கும் சொன்னேன். ஓட்டோ வந்து கோர்ண் அடித்தது.

"தொழுதிட்டு வாறன்," என்றார்.

"வேணாம், மூத்தவாப்பா. அங்க போய்த் தொழலாம்."

"நோன்புதான் போயிட்டு. இதையாவது செய்ய விடுங்க."

கதிரையில் இருந்தபடியே தொழுதார். நான் சீனித்தண்ணீர்ப் போத்தலோடு கதவடியில் நின்றேன். அவர் குனியும் ஒவ்வொரு முறையும், பின்னால் நின்ற மூத்தம்மாவின் இரண்டு கைகளும் அவருடைய தோளுக்குக் கிட்டே நீண்டன. அவர் நிமிர்ந்த பிறகும் அந்தக் கைகள் கீழே இறங்கவில்லை.