மூன்றாவது கட்டம்

ஷூ கம்பெனி பஸ் ஆம்பூருக்குக் கிளம்பியதும் போனில் அன்றைய படக்கதையைத் திறப்பேன். வாடகை வீட்டில் சண்டை போடும் ஒரு புருஷன் பெண்டாட்டி கதை, தினமும் மூன்றே கட்டம். மூன்றாவதைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வேன். ஜன்னலோரம் உட்காரும் அக்கா, தையல் லைனில் எனக்கு அடுத்த மெஷின், அதில் என்ன வரும் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் விரலை எடுப்பேன். அநேகமாக அவள் சொன்னதுதான் நன்றாக இருக்கும். "வரையறவனுக்குக் கல்யாணமே ஆயிருக்காது" என்பாள்.

போன வாரம் அக்கா செத்துப்போனாள். நெஞ்சுவலி என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அடக்கம் பண்ணினோம். எனக்கு அழுகை வரவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல பஸ் வந்தது, படக்கதையும் வந்தது. படக்கதைக்கு ஒரு நாள் லீவு விட்டால் என்ன குறைந்துபோகும் என்று எரிச்சலாக இருந்தது.

அக்காவின் இடத்தில் கட்டிங் செக்‌ஷன் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முதல் கட்டத்தில் பெண்டாட்டி கதவைச் சாத்துகிறாள். இரண்டாவதில் புருஷன் செருப்பில்லாமல் தெருவில் நிற்கிறான். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கையை எடுங்கக்கா, கடைசில இன்னா ஆச்சுன்னு தெரியல" என்றாள் அந்தப் பெண்.

அப்போதுதான் கவனித்தேன். போனை ஜன்னல் பக்கம் சாய்த்து, மூன்றாவது கட்டத்தை விரலால் மூடிப் பிடித்திருந்தேன். எடுத்தேன். அவள் பார்த்துச் சிரித்தாள்.

நான் பார்க்கவில்லை. அக்கா இன்னும் சொல்லவில்லையே.