சஹனில் நட்ட கோப்பை

நூர்முகமது மாமுவைக் கல்யாணச் சமையலுக்குச் செங்கல்பட்டு வரை கூப்பிடுவார்கள். ஆனால் அவருக்குப் பெருமை வேறொன்றில். நோன்பு மாதம் முழுக்க எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவது அவர்தான். கூலி வாங்க மாட்டார். மற்ற பதினோரு மாதமும் அந்த ஒரு மாதத்துக்குக் காத்திருப்பதுபோலத்தான் இருக்கும் அவர் நடை.

இந்த வருஷம் நோன்புக்குச் சில வாரம் முன்பு, ஊரப்பாக்கத்திலிருந்து சாருலதா என்ற பெண் காரில் வந்து இறங்கினாள். கடற்கரையில் ஒரு பங்களாவைப் பிடித்திருந்தாள். ஆலம்பரைக் கோட்டை நவாபு கையிலிருந்து பிரெஞ்சுக்காரன் கைக்குப் போன காலத்து விருந்து ஒன்றை நடத்தப்போகிறாளாம். நவாபு சாப்பாடு, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பொருத்தமாக ஒரு பிரெஞ்சு ஒயின்.

"ஒயினா? என்னைய வுட்டுடும்மா."

"பாய், நீங்க அத தொடவே வேணாம். அது தனி டேபிள், தனி ஆளு. தரையில விரிப்பு போட்டு, எல்லாரும் ஒரே தட்டுல சாப்பிடணும், அதான் ஐடியாவே. அவ்ளோ பெரிய தட்டுதான் எங்கயும் கிடைக்கல."

"தட்டா? அத எங்கிட்ட வுடு" என்றார் மாமு.

பள்ளிவாசல் சாமான் அறையில் சஹன்கள் இருக்கின்றன. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் அகலத் தட்டுகள். கல்யாணத்துக்கு ஊரார் எடுத்துப்போய், கழுவித் திருப்பிவைப்பார்கள். சாவி மாமுவிடம். விருந்தென்றால் சஹன். இதில் யாரிடம் என்ன கேட்பது?

அவர் மனைவி ஜெய்புன்னிசா மாமிதான் சொன்னார். "தமீம் காதுல ஒரு வார்த்த போட்டுட்டு எடுத்துகினு போங்களேன்." தமீம் மாமியின் தம்பி, ஜமாஅத் செயலாளர்.

"இன்னாத்துக்கு? நான் இன்னா தட்ட விக்கவா போறேன்?"

விருந்தன்று மாமு பின்பக்கம் அடுப்போடு இருந்தார். பரிமாறியது சாருலதாவின் ஆட்கள். முன்பக்கம் தரையில் உட்கார்ந்து பழகாத விருந்தாளிகளுக்குக் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. விரிப்பில் வைத்தால் சாய்ந்தது. ஒருவர் சஹனின் நடுவில் சோற்றைப் பறித்துக் கோப்பையை நட்டார். சிரித்துக்கொண்டே மற்றவர்களும் நட்டார்கள். படம் எடுத்தார்கள். வெள்ளைச் சோற்றில் சிவப்புக் கோப்பை. தட்டின் விளிம்பில் வெட்டியிருந்த பள்ளிவாசல் பெயர், எழுத்து பிசகாமல்.

மறுநாள் அது ஊர் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

தமீம் வந்து போனை நீட்டினார். "இன்னா மச்சான் இது?"

மாமு போனை வாங்கிப் பார்த்தார். "நான் பின்னால இருந்தேன்டா. சத்தியமா தெரியாது."

"உன்னைய எனக்குத் தெரியாதா? நீ பீடி கூடத் தொட மாட்ட. ஆனா போட்டோல நீ இல்ல மச்சான், தட்டு கீது."

"கழுவித்தான வச்சேன். மண்ணு போட்டுத் தேச்சேன்."

"கழுவினத எவனும் போட்டோ எடுக்கலியே."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

"சாவியக் குடு" என்றார் தமீம். "இந்த நோன்புல நீ வூட்டுலயே இரு. பசங்க ரொம்ப பேஜாரு பண்றானுங்க. கஞ்சிக்கு வேற ஆள் சொல்லியாச்சு."

"கஞ்சிக்கா?"

திட்டியிருந்தால் மாமுவும் திட்டியிருப்பார். தமீம் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

முதல் நோன்பன்று மதியம் லுஹர் தொழுதுவிட்டு, வழக்கம்போலக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமு பள்ளிவாசலின் பின்புறம் போயிருக்கிறார். அச்சரப்பாக்கத்துச் சமையல் மாஸ்டர் ஒருவர் தேக்சாவில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார். "வாங்க பாய், கஞ்சி சாயங்காலம் அஸருக்கு மேலதான்" என்றாராம், இவர் யாரென்று தெரியாமல். மாமு சரியென்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

மாலையில் எல்லா வீடுகளுக்கும் போவதுபோல அவர் வீட்டுக்கும் ஒரு தூக்குக் கஞ்சி வந்தது. பாங்கு சொன்னதும் ஒரு வாய் குடித்தார்.

"எப்டி கீது?" என்றார் மாமி.

"நல்லாத்தான் கீது."

மறுநாள் என்னைத் தெருவில் நிறுத்தினார். "கஞ்சியப் பத்தி யாராச்சும் இன்னா சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல மாமு."

"ஒண்ணுமேவா?"

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நோன்பு மாதம் இன்னும் ஏறக்குறைய முழுதாகக் கிடந்தது.